ஏறியாச்சு, இறங்கியாச்சு

எனக்கு பின்லாந்தில் ஒரு இடம் இருக்கிறது என்று இந்த பஸ்ஸில் யாரிடமாவது சொன்னால் என்ன ஆகும்? முன் சீட்டில் உரமூட்டையை மடியில் வைத்திருக்கும் ஆள் திரும்பிப் பார்ப்பார். கண்டக்டர், ‘அங்கன எத்தன சென்ட்டுத்தா?’ என்பார். சென்ட் இல்லண்ணே, ஒரு ஜிபி. பட்டா கிடையாது, மாத வாடகை. கட்டத் தவறினால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடுவார்கள். ஆனாலும் இன்றைக்கு அது என் இடம். சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மகிமா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். திராட்சைப் பந்தல்கள் ஓடின. அவற்றுக்குப் பின்னால் மலை, ஓடாமல் கூடவே வந்தது.

கம்பத்தில் அவள் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் அன்று மத்தியானம்தான் அது நடந்தது. சான்றிதழுக்கு நின்ற கூட்டம் கலைந்த பிறகு, தன் பழைய லேப்டாப்பைத் திறந்து வாடகைக்கு எடுத்த அந்த சர்வருக்குள் முதல் தடவை நுழைந்தாள். கறுப்புத் திரை. ஒரு வரி தட்டினாள். சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு வரி வந்து நின்றது. அதன் பக்கத்தில் சின்னக் கட்டம் ஒன்று விட்டுவிட்டு மினுக்கியது. சொல், என்ன செய்யட்டும் என்று கேட்பதுபோல. அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நேரம் என்ன என்று கேட்டாள். அது காலை நேரம் ஒன்றைச் சொன்னது. இங்கே மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருக்க, அது இன்னும் காலையில் இருந்தது.

பக்கத்து மேசையில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த நதியா, “என்னக்கா, பேயடிச்ச மாதிரி ஒக்காந்திருக்கீக?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் மகிமா.

பின்லாந்தை அவள் தேடிப் போகவில்லை. அவள் கைக்கு எட்டியது அதுதான். பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கும் சர்வர்களுக்கு வாடகை அதிகம். தூரம் போகப் போக விலை குறைந்தது. தேனியில் ஒருமுறை வீடு பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது, பஸ் ஸ்டாண்டிலிருந்து தள்ளிப் போகப் போக வாடகை இறங்கியது. இருப்பதிலேயே சின்னதாக, இருப்பதிலேயே தொலைவாக ஒன்றை எடுத்தாள்.

எடுத்தது அக்காவுக்காக. அக்கா சகாயராணி ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போகிறவள். அவர்கள் தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துக்குள் ஏறுவார்கள். சாயங்காலம் திரும்புவார்கள். மலையில் ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. ஜீப்பு பிந்தினால் வீட்டு ஆட்கள் மாதா கோயில் முக்கில் வந்து நிற்பார்கள். ஜீப்பு முதலாளி பொன்னுராஜுக்குப் போன் போடுவார்கள். அவரும் அதே மலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மகிமா அந்த முக்கில் முதலில் அம்மாவுக்காக நின்றாள். அம்மா போன பிறகு அக்காவுக்காக. அங்கே நிற்கும்போது மனது என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். வளைவு வளைவாக ஏறி, ஒவ்வொரு பள்ளத்திலும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். மறுபடி ஏறும். காலுக்கு ஒரு வேலையும் இல்லாமலேயே உடம்பு அலுத்துப்போகும்.

அதற்காகத்தான் இந்த இணையப் பக்கம். போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு அவளே எழுதினாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பெயர், இரண்டு பொத்தான்கள். கிளம்பும்போது ஆரஞ்சு: ‘ஏறியாச்சு’. திரும்பியதும் பச்சை: ‘இறங்கியாச்சு’. வீட்டிலிருப்பவர்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். மலையில் சிக்னல் இல்லாவிட்டால், அமுக்கியது போனுக்குள்ளேயே காத்திருந்து கிடைத்ததும் போகும். அவ்வளவுதான்.

வீட்டில் அக்காவிடம் காட்டினாள்.

“இது எங்கனடி இருக்கு?”

“பின்லாந்துல.”

“அது எங்கன?”

“வடக்க. ரொம்ப வடக்க. பனியாக் கெடக்கும்.”

“நான் இங்கன அமுக்கினா அங்கன போயிட்டா திரும்பி இங்கன வருது?”

“ஆமா.”

“கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள?”

“அதுக்குள்ள.”

சகாயராணி போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். “அங்கன யாரு பாத்துக்கிறாக?”

“நாந்தான். இங்கன இருந்தே.”

“அடியாத்தீ,” என்றாள் சகாயராணி. “கம்பத்துக்கு பஸ்ஸுல போயிட்டு வர ஒனக்கு முழுப் பொழுதும் ஆகுது.”

சிரித்தாள். ஆனால் அதன்பின் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் தன் பெயர் மட்டும், பக்கத்தில் ஒன்றுமில்லாமல். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் தன் பெயரை அச்செழுத்தில் அவள் இப்படி உற்றுப் பார்த்து மகிமா கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முக்கில் பெண்களைக் கூட்டி விளக்கினாள். பக்கத்துத் தெரு பூமாரியும் வந்திருந்தாள்.

“என்னத்தா, பூரி மாதிரிப் பட்டன் வச்சிருக்க?” என்றாள் பூமாரி.

“ஈரக் கைக்குச் சின்னதா வச்சா அமுங்காதுக்கா.”

“மேல மாதா படம் ஒண்ணு போட்டா நல்லாருக்கும்ல?” என்றாள் செபஸ்தியம்மாள். இவர்களுக்குள் மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

“படம் போட்டா கனம் கூடிரும் சித்தி. எல்லாரும் ஒண்ணாப் பாத்தா தாங்காது. நான் எடுத்திருக்குற எடம் சின்னது.”

“மாதாவுக்கு எடமில்லங்கிற. பெத்லகேமுலயும் இதத்தான் சொன்னாக.”

சாமியார் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு எழுந்தது. அன்று சாயங்காலம் மகிமா பக்கத்தின் மேலே ஒரு நீலக் கோடு மட்டும் போட்டாள். மாதாவின் அங்கி நிறம். கனமே இல்லை.

முதல் நாள் விடியலில் அவள் அடுக்களையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஜீப்பு உறுமுவது கேட்டது. திரையில் பூமாரி ஆரஞ்சானாள். பிறகு செபஸ்தியம்மாள். பிறகு ஒரே சமயத்தில் நாலைந்து பேர். கோயில் முக்கு கூப்பிடு தூரம்தான். எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பெயர்கள் கடல்களுக்கு அப்பால் போய், பனியில் கிடக்கும் ஒரு பெட்டியைத் தொட்டுவிட்டு, அவள் அடுக்களைக்கு வந்திருந்தன. சகாயராணி ஏறியாச்சு. பால் பொங்கி வழிந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஆனால் மையத்துக்குப் போய்த் திறந்து பார்த்தால் எல்லாம் பச்சை. காலையிலேயே எல்லோரும் இறங்கியாச்சு. தன் எழுத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்துச் சாப்பாட்டு நேரம் முழுக்க வரி வரியாகத் தேடினாள். பிழை அகப்படவில்லை.

மறுநாள் ஜீப்பு கிளம்பும் நேரத்தில் பூமாரியும் அவள் புருஷன் காமராஜும் முக்கில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் ஜீப்பு வழியில் பஞ்சராகி, பூமாரி நனைந்துபோய் இருட்டில் வந்து சேர்ந்திருக்கிறாள். வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது.

“எறங்கியாச்சுன்னு போட்டிருந்துச்சுல்ல?” என்றான் காமராஜ். “சீக்கிரமா வந்துட்டு மார்க்கையன்கோட்டைக்கு ஒங்காத்தா வீட்டுக்குப் போயிட்டன்னு நெனச்சேன். வயலுக்குத் தண்ணி பாச்சப் போயிட்டேன். மகிமா மெசினு பொய் சொல்லுமா?”

“நான் ஜீப்ப விட்டு எறங்குனேன், எறங்கியாச்சுன்னு அமுக்குனேன். வேற என்னத்த அமுக்குறது?” என்று பூமாரி மகிமா பக்கம் திரும்பினாள்.

“மலைய விட்டு எறங்கின பெறகுக்கா.”

“அப்ப ஏறியாச்சுன்னு காலையில ஜீப்புல ஏறும்போதுதான அமுக்கச் சொன்ன? அது மட்டும் ஜீப்பு, இது மட்டும் மலையா?”

ஜீப்பிலும் ஏறுகிறார்கள், மலையிலும் ஏறுகிறார்கள். இரண்டிலிருந்தும் இறங்குகிறார்கள். கீழே நின்று காத்திருப்பவளுக்குத்தான் இறக்கம் என்றால் ஒரே ஒரு இறக்கம். அந்தச் சொல்லை மகிமா எழுதியது கோயில் முக்கில் நின்றுகொண்டு. அவர்கள் அதைப் படித்தது தோட்டத்து வாசலில், இடுப்பை நிமிர்த்திக்கொண்டு. இத்தனை வருஷம் அக்காவுக்காகக் காத்திருந்தும், அக்கா நிற்கும் இடத்தில் ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“ஊரு வந்தாச்சுன்னு போடவா?”

“ஊருக்கு வந்துட்டு நாங்க டீக்கடையில நின்னா?” என்றாள் ஒருத்தி.

“அப்ப வீடு வந்தாச்சு.”

“வையி, வையி,” என்றாள் செபஸ்தியம்மாள். “அதுக்கடுத்து அடுப்புப் பத்த வச்சாச்சு, பாத்திரம் கழுவியாச்சுன்னும் பட்டன் வச்சிரு. எங்க வீட்டுக்காரரும் பாக்கட்டும்.”

சிரித்து முடித்தபிறகு பூமாரிதான் சொன்னாள்: “பச்சைய அவுகவுகதான் அமுக்கணும். வீட்டு நடைக்குள்ள கால வச்சிட்டு. இன்னொருத்திக்காக அமுக்கக் கூடாது. நேத்து நான் பட்டது போதும்.” எல்லோரும் சரியென்றார்கள். யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

மகிமா பச்சைப் பொத்தானை ‘வீடு வந்தாச்சு’ என்று மாற்றினாள். அதற்குப் பிறகு பக்கம் பழகிப்போனது. பெண்கள் அதற்குப் பனியூர் என்று பெயர் வைத்தார்கள். “பனியூருக்குச் சொல்லிட்டியாடி?” என்று ஜீப்பில் ஏறும்போது ஒருத்தியை ஒருத்தி கேட்டார்கள். மழை பெய்த ஒரு சாயங்காலம் எல்லோரும் ஒன்றாகத் திறந்ததில் சர்வர் நினைவகம் நிரம்பி விழுந்தது. பெரிய இடம் எடுக்க வழியில்லை. சேமிப்பு டிஸ்க்கில் ஒரு மூலையை ஒதுக்கி, நினைவகம் போதாதபோது அதை எடுத்துக்கொள் என்று மகிமா சர்வருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதன்பிறகு கூட்டம் வந்தால் அது மூச்சு வாங்கியது, விழவில்லை.

அப்போதுதான் அவள் சர்வரின் பதிவு வரிகளைப் பார்க்கத் தொடங்கினாள். பக்கத்தை யார் திறந்தாலும் சர்வர் தனக்குள் ஒரு வரி எழுதிக்கொள்ளும். யாரென்று இருக்காது, எங்கிருந்து என்று ஓரளவு இருக்கும். திருப்பூர். சென்னை. ஷார்ஜா. செபஸ்தியம்மாளின் மகன் அங்கேதான் இருக்கிறான். சாயங்காலமானால் கறுப்புத் திரையில் வரிகள் மேலேறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் ஒரு பெயரைத் தேடி எட்டிப் பார்த்த பார்வை. மலை வளைவுகளில் ஏறி இறங்கும் அந்த மனது, தனக்கு மட்டும் இருப்பதாக அவள் நினைத்திருந்த மனது, இங்கே வரி வரியாக ஊர்ந்தது. எட்டிப் பார்ப்பது எழுத்தில் தெரியும் என்று அவள் நினைத்ததே இல்லை. பூசையில் எல்லோரும் சேர்ந்து முழங்காலிடும்போது வருமே ஒரு சத்தம், அதைக் கண்ணால் பார்ப்பது போலிருந்தது.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. காலையிலிருந்தே மலை தெரியவில்லை. மத்தியானம் மழை வலுத்தது. மகிமா பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் இரண்டு ஜீப்புகள் வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. வினோத்ராஜ் ஓட்டும் ஜீப்பு. அதில்தான் சகாயராணி.

மேலே ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்று வந்தவர்கள் சொன்னார்கள். மலையாளத்துப் பேச்சில் அவர்கள் உருள்பொட்டல் என்றார்கள். அந்தச் சொல்லிலேயே ஒரு உருளல் இருந்தது. மலைமேல் கரண்ட் போய், டவரும் போயிருந்தது. யார் போனும் போகவில்லை.

மகிமா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு ஜீப்பு ஆட்களும் வீட்டுக்குள் நுழைய நுழையப் பச்சையானார்கள். பூமாரி. அடுத்த தெரு ஜெசி. ஒவ்வொரு பச்சைக்கும் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் மூச்சு விடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பதிவு வரிகள் நிற்கவில்லை. படிக்க முடியாத வேகத்தில் ஏறின. அந்தச் சின்ன இடம் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, ஒதுக்கிய மூலையையும் எடுத்துக்கொண்டு, திணறித் திணறி ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. விழுந்துவிடும் என்று நினைத்தாள். விழவில்லை. இன்னொருவர் கேட்டார், சொன்னது. இன்னொருவர். அது நல்லபடியாகச் சொல்லவில்லை, கெட்டபடியாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னது. மகிமாவுக்கு அதன்மேல் வந்தது அன்பா, பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

அக்காவின் புருஷன் இன்னாசி நனைந்த சட்டையோடு வந்து கதவோரம் குத்தவைத்தார். கையில் போனைப் பிடித்திருந்தார்.

பிறகு பொன்னுராஜ் வந்தார். குடையை மடக்கத் தோன்றாமல் வாசலிலேயே நின்றார். அவர் முகம் ஒரே நாளில் சுருங்கியிருந்தது.

“ஏ மகிமா, தகவல் வந்திருச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. எஸ்டேட் லயத்து வீடுகள்லயே தங்கிட்டாகளாம். காலையில ரோட்ட சரி பண்ணுன ஒடனே வந்துருவாக.”

இன்னாசி தலையைத் தூக்கினார். மகிமா, “யாரு சொன்னாக மாமா?” என்று கேட்டாள்.

“நெடுங்கண்டம் பக்கமிருந்து வந்த லாரி டிரைவரு.”

“அவரு பாத்தாரா?”

பொன்னுராஜ் குடையைப் பார்த்தார். “பாத்தவன் சொன்னானாம்.”

மழை ஓட்டுமேல் விழுந்துகொண்டிருந்தது.

“இந்தா பாரு தாயி,” என்றார். “திருப்பூருலருந்து பேசுறாக, ஷார்ஜாவுலருந்து பேசுறாக. இன்னும் பச்ச வரல, எங்காத்தாவ எங்கன கொண்டு போட்டன்னு கேக்குறாக. போன எடுக்கவே பயமாருக்கு. வீட்டு முன்னால கூட்டம். நீ அந்த ஜீப்பு ஆளுகள மட்டும் பச்சையாக்கிரு. ஒன்னால முடியும்ல? நீதான அத வச்சிருக்க?”

“லயத்துல தங்கியிருக்கிறதாக் கேள்வின்னு மேல போடுறேன் மாமா. நீங்க சொன்னதாவே போடுறேன்.”

“கேள்வின்னு போட்டா இன்னுமில்ல பயப்படுவாக! பச்சைய மட்டும் போடு. ராத்திரியாவது நிம்மதியாத் தூங்கட்டும். விடிஞ்சா அவுகளே வந்து நிப்பாக. யாருக்கு என்ன நட்டம்?”

யாருக்கு என்ன நட்டம். மகிமா கறுப்புத் திரைக்குப் போனாள். ஒரு வரி போதும். தட்டிப் பார்த்தாள். அந்த ஜீப்பில் போனவர்கள் எல்லோருக்கும் வீடு வந்தாச்சு என்று சொல்லும் ஒரே வரி. அதன் முடிவில் சின்னக் கட்டம் மினுக்கியது. முதல் நாள் மினுக்கியது போலவே, சொல், என்ன செய்யட்டும் என்று. சொன்னால் செய்துவிடும். அதற்கு வித்தியாசம் தெரியாது. சகாயராணியின் விரலும் இவள் விரலும் அதற்கு ஒன்றுதான். அந்தப் பெரிய கீழ்ப்படிதலில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாள் அதைக் கண்டு அவள் வியந்ததெல்லாம், அதற்குள் பெண்கள் தாங்களே தங்கள் கையால் வைத்ததைக் கண்டுதான்.

அவளுக்கும் அந்தப் பச்சை வேண்டும்போல்தான் இருந்தது. தானே போட்டுவிட்டு, கண்ணை மூடித் திறந்து, வேறொருத்தி போட்டதுபோல் பார்த்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் நம்பியும் விடலாம். அந்த அளவுக்கு மனது வளைவுகளில் ஏறிக் களைத்திருந்தது.

“மச்சான்,” என்றாள் மெதுவாக. “நீங்க என்ன சொல்றீக?”

இன்னாசி போனை அவள் பக்கம் திருப்பினார். திரையில் அக்காவின் பெயர். சகாயராணி. பக்கத்தில் ஆரஞ்சு. ஏறியாச்சு.

“இது அவ காலையில அமுக்குனதுதான?” என்றார்.

“ஆமா மச்சான்.”

“அவ கை பட்டது.”

“ஆமா.”

அவர் மறுபடி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பெருவிரலால் அந்தச் சொல்லின் ஓரத்தைத் தொட்டார். அமுங்கிவிடக்கூடாது என்பதுபோல, கண்ணாடிக்கு மேலேயே நிறுத்தி.

“ஏ ஆத்தா,” என்றார் பொன்னுராஜ். “எனக்காகப் போடு. ஒரு ராத்திரிக்கு.”

மகிமா தட்டியிருந்த வரியை எழுத்து எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தாள். கடைசி எழுத்தும் போனபிறகு கட்டம் மட்டும் வெறும் இடத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது.

“குடைய மடக்கிட்டு உள்ள வந்து ஒக்காருங்க மாமா,” என்றாள். “அத அக்கா வந்து அமுக்கட்டும்.”